அடங்கு சரிவு என்று சொன்னவர்

நெய்வேலியில் முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தேன். தமிழ் மீடியம். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்தச் சொல்லைக் கண்டாலும் இதை முதன்முதலில் சொன்னது யார் என்று தோண்டாமல் விடமாட்டேன். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது உனக்கு முக்கியமில்லை, உப்புக்கு உப்பு என்று பேர் வைத்தவன்தான் முக்கியம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, பல நாள் குழம்பில் உப்பு இருக்காது.

வகுப்பில் பாடம் பாதி, இந்தக் கதை பாதி. ‘கேஸ்’ என்பது காலங்காலமாக இருந்த சொல் இல்லை, ஒரு ஆள் உட்கார்ந்து உருவாக்கியது. உலகம் உண்டாவதற்கு முன்னால் இருந்த குழப்பத்துக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பேரை எடுத்து நறுக்கி வைத்துக்கொண்டார். ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது என்று அர்த்தம். வைத்தவர் அப்படி நம்பினார். நம்பிக்கை தப்பு என்று தெரிந்த பிறகும் பேரை யாரும் மாற்றவில்லை. நம்ம ஊர் மண்ணில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரி, அந்த லிக்னைட்டுக்கு வேர் லத்தீனில் விறகு என்பேன். அப்போ நம்ம ஊரே விறகுக்கடைதானா மிஸ் என்று பிள்ளைகள் சிரிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ‘சயன்டிஸ்ட்’ என்ற சொல்லின் கதைதான். அதை உருவாக்கியவர் பெரிய கல்விமான். ஆனால் தன் பேரில் அதை வெளியிடவில்லை. பேர் போடாமல் எழுதிய ஒரு மதிப்புரையில், யாரோ ஒரு கெட்டிக்காரர் இப்படி ஒரு சொல்லைச் சொன்னார் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கெட்டிக்காரர் அவரேதான். என்ன பெருந்தன்மை என்று நான் உருகிப் போனேன். நான் செய்த காரியத்துக்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் நூலகத்தில் ஏழு பேர் கூடுவோம். இரண்டு என்ஜினியர்கள், டிராயிங் ஆபீஸில் இருந்தவர் ஒருவர், ஒரு தமிழாசிரியர், நான், இன்னும் இரண்டு பேர். அறிவியல் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவது எங்கள் வேலை. யாரும் எங்களைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் சீட்டாடினார்கள், நாங்கள் சொல்லாடினோம், அவ்வளவுதான்.

முதல் வருஷமே தகராறு. ஒரு சொல்லை நான்தான் சொன்னேன் என்று தமிழாசிரியரும் டிராயிங் ஆபீஸ்காரரும் முட்டிக்கொண்டார்கள். இரண்டு மாதம் பேச்சு இல்லை. ஒருவர் ஏறிய கம்பெனி பஸ்ஸில் மற்றவர் ஏற மாட்டார். அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பார். ஐம்பது வயசு ஆள்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு விதி போட்டேன். சொல் யாருடையது என்று எங்கேயும் எழுதக் கூடாது.

விதியை ஓட்டையில்லாமல் செய்ததும் நான்தான். அவரவர் சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போடவேண்டும். நான் வாசிப்பேன். கை தூக்குவோம். ஜெயித்த சொல்லை நான் என் கையெழுத்தில் அட்டையில் எழுதுவேன். ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், விளக்கம், ஓர் உதாரணம். கையெழுத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று துண்டுச்சீட்டுகளை அங்கேயே கிழித்துவிடுவேன். ஆக்கியவர் பேருக்கு அட்டையில் இடமே இல்லை. பிறந்துவிட்டால் அது ஊர்ப்பிள்ளை என்று வசனம் வேறு பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

நான் சொல்ல வந்தவர் எங்கள் ஏழு பேரில் ஒருவர் இல்லை. மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மண்ணும் கரியும் போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரித் திரும்பப் பெல்ட்டில் போடுகிற வேலை. காலை ஷிப்ட் முடித்துவிட்டு, ஊருக்குப் போகிற பஸ் வரும்வரை நூலகத்தில் பேப்பர் படிப்பார். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், அந்த ஊரில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் அவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. நாங்கள் பேசுவதை நின்றுகொண்டே கேட்பார். உட்காருங்கள் என்றால், ‘பரவால்லைங்க’ என்று பேப்பர் ஸ்டாண்டுப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘ஆங்கிள் ஆஃப் ரெபோஸ்’ வந்தது. மணலையோ மண்ணையோ குவித்தால் அது ஓர் அளவுக்குச் சரிந்து, பிறகு சரியாமல் நின்றுவிடும். அந்தச் சரிவின் கோணத்துக்குப் பேர். நான் ‘ஓய்வுக் கோணம்’ என்று எழுதியிருந்தேன். விதிப்படி அது என்னுடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது, என் முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டிராயிங் ஆபீஸ்காரர், இந்த ஊரில் ஓய்வு என்று சொன்னால் பிரிவு உபசார விழா எப்போது என்றுதான் கேட்பார்கள் என்று கிண்டல் செய்தார். எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் பேப்பர் ஸ்டாண்டுப் பக்கமிருந்து அவர் பேசினார்.

“மண்ணு ஓய்வெல்லாம் எடுக்காதுங்க. கொட்டக் கொட்ட சரிஞ்சிகினே இருக்கும். ஒரு சரிவுக்கு வந்தா அடங்கிடும். அதுக்கு மேல எவ்ளோ கொட்டுனாலும் அதே சரிவுலதான் அடங்கும். நான் எனக்குள்ள அத அடங்கு சரிவுன்னு வச்சிகினு இருக்கறேன்.”

சொன்னதோடு விடவில்லை. நூலகச் சுவரில் தீயணைக்க மாட்டியிருந்த சிவப்பு வாளியை எடுத்து, அதிலிருந்த மணலைப் பழைய பேப்பர் மேல் மெல்லக் கொட்டிக் காட்டினார். குவியல் உயர்ந்தது, சரிந்தது, நின்றது. மறுபடி கொட்டினார். குவியல் பெரிதாயிற்று, சரிவு மாறவில்லை. நான் அந்தப் பாடத்தை அத்தனை வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். மணல் நிற்கிற அந்த நொடியை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அடங்கு சரிவு. அதற்கு மேல் எந்தச் சொல்லும் வேண்டியிருக்கவில்லை. என் சொல் செத்துவிட்டது, எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனாலும் விதி விதிதானே. வாயால் சொன்னால் செல்லாது என்று அவரிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். அழகான கையெழுத்தில் எழுதி மடித்துப் போட்டார். வாசித்தேன். ஏழு கையும் உயர்ந்தது. அட்டையில் எழுதிக்கொண்டு, அவர் சீட்டை வழக்கம்போல நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் அந்தக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். பிறகு மணலை அள்ளி வாளியில் போட்டு, வாளியை மாட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நாலைந்து முறை வந்திருப்பார். ஷிப்ட் மாறியதும் வருவது நின்றது. எங்கள் கூட்டமும் அப்படியே கரைந்தது. ஒருவருக்கு மாற்றல், ஒருவர் ரிட்டயர், தமிழாசிரியர் இறந்துபோனார். அட்டைகள் வீணாகக் கூடாது என்று எல்லாவற்றையும் பட்டியலாக எழுதி, சென்னையில் கலைச்சொல் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன். பட்டியலிலும் பேர் கிடையாது. அகராதி வந்தது. முன்னுரையில் ‘நெய்வேலி நண்பர்கள்’ என்று ஒரு வரி நன்றி சொல்லியிருந்தார். புத்தகத்தின் மேலட்டையில் ‘ஆக்கியோர்’ என்று பேராசிரியர் பேர். நான் சந்தோஷமாகத்தான் அதை அலமாரியில் வைத்தேன். அந்தப் பேராசிரியரும் இப்போது உயிரோடு இல்லை.

நான் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே வாடகை வீட்டுக்கு வந்து சில வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு மத்தியானம் வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். தலை பாதி நரைத்திருந்தது. யாரென்று தெரியவில்லை. அடங்கு சரிவு என்றதும்தான் தெரிந்தது.

அவர் மகள் கல்லூரியில் சிவில் என்ஜினியரிங் படிக்கிறாள், தமிழ் மீடியத்தில். அவள் பாடப்புத்தகத்தில் அடங்கு சரிவு வந்திருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, இது நான் வைத்த பேர் என்று சொல்லியிருக்கிறார். அவள் அந்தப் பெருமையில் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பையன்கள் போனைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை ஆக்கியவர் சென்னைப் பேராசிரியர் என்று போட்டிருந்தது. உங்கப்பா பேராசிரியரா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

“பொண்ணு என்னைப் பொய் சொல்றவன்னு நெனைக்குதுங்க டீச்சர். வேற ஒண்ணும் வாணாம். நான்தான் சொன்னேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்” என்றார்.

இதைவிடச் சுலபமான உதவியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மகளை அனுப்புங்கள் என்றேன்.

அவள் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள். மரியாதையான பெண், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அப்பா வழக்கமாகவே கொஞ்சம் அளப்பார், மைன்ஸில் பெரிய மெஷினே தான் கை காட்டினால்தான் நிற்கும் என்பார், அதனால்தான் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். உன் அப்பாதான் சொன்னார், என் கண் முன்னால் சொன்னார் என்று மணல் கொட்டிய கதை முழுவதும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு, எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா மிஸ் என்று கேட்டாள். பெருமையாக உள்ளே போய் அட்டைகளைப் போட்டு வைத்திருந்த அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, அந்த அட்டையைத் தேடிக் கொடுத்தேன். முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

“இது உங்க கையெழுத்துதான மிஸ்?” என்றாள்.

நான் அவ்வளவு வருஷம் பத்திரப்படுத்திய அட்டை, என் கையெழுத்திலேயே, அவருக்கு எதிரான சாட்சியாக இருக்கிறது. ஆனாலும் அவள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். போய், அப்பாவுக்காக வகுப்பில் மறுபடியும் வாதாடியிருக்கிறாள். அந்தப் பாடம் எடுக்கிறவர் போனில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, இதில் உன் அப்பா பேர் எங்கே இருக்கிறது, இது ஒரு டீச்சர் எழுதியது என்று பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? அன்றிலிருந்து பையன்கள் அவளுக்கு அடங்கு சரிவு என்றே பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் கல்லூரிக்கே போகவில்லை. நான் சொன்ன சாட்சியால் வந்த வினை அது.

விடுவேனா என்று கிளம்பினேன். முதலில் டிராயிங் ஆபீஸ்காரருக்குப் போன் போட்டேன், கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தச் சொல் யார் சொன்னது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “அது நான் சொன்னதாச்சே டீச்சர்” என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். வாளியை எடுத்தது, மணலைக் கொட்டியது எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறாராம். பொய் சொல்லவில்லை அவர், அப்படியே நம்புகிறார். ஓர் என்ஜினியரைப் பிடித்தேன். நீங்கள்தானே சொன்னீர்கள், நாங்கள்கூட அசந்துபோனோமே என்று என்னைப் பாராட்டினார். இன்னொரு என்ஜினியருக்கு அப்படியொரு கூட்டம் நடந்ததே மங்கலாகத்தான் நினைவிருந்தது. மீதி இரண்டு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பேப்பர் படிக்க வந்தவரை நான் கேட்ட யாருக்கும் ஞாபகம் இல்லை.

அகராதி போட்ட பதிப்பகத்துக்கு எழுதினேன். ஆவணம் இருந்தால் அனுப்புங்கள், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் உதவியோடு அவர் பேரைச் சேர்த்தேன். ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. சான்று தேவை என்று எடுத்துவிட்டார்கள். என் மாணவர்களிடம் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஒருவரும் தப்பு செய்யவில்லை, என்னைத் தவிர.

அப்போதுதான் அந்த சயன்டிஸ்ட் கதை எனக்குள் புளித்துப்போயிற்று. அந்தக் கல்விமான் தன் பேரை மறைத்தார், சரி. மறைத்தும் என்ன, உலகம் தேடிப் பிடித்து இன்றைக்கு எல்லாப் புத்தகத்திலும் அவர் பேரைப் போட்டிருக்கிறது. பெரிய மனிதர்களுக்குக் கடிதம் இருக்கும், கையெழுத்துப் பிரதி இருக்கும், சிஷ்யர்கள் இருப்பார்கள். பேர் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கட்டுப்படியாகும். எங்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு உத்தியோகம் இருந்தது, வாசலில் பேர்ப்பலகை இருந்தது. அவருக்கு இருந்தது அந்தத் துண்டுச்சீட்டு ஒன்றுதான். அதைத்தான் நான் நாலாகக் கிழித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். ஷிப்டிலிருந்து நேரே வந்திருந்தார், ஹெல்மெட் சைக்கிள் கேரியரில் இருந்தது. நான் அடுத்து யாருக்கு எழுதப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையால் தடுத்தார்.

“வூட்ல சொல்லிட்டேங்க டீச்சர். நான் சும்மா அளந்தேன், அது என் வார்த்தை இல்லன்னு. அழுதுச்சி. ஏன்பா இப்பிடி பண்ணேன்னு கேட்டுச்சி. அப்பறம் ரெண்டு மாசம் கழிச்சி அன்னிக்குத்தான் எங்கூட ஒக்காந்து சாப்ட்டுச்சி.”

பொய் சொல்கிறவன் என்று மகள் நினைக்கிறாளே என்று வந்த மனிதர், ஆமாம் பொய்தான் என்று ஒத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவள் இனி என்னிடம் வந்து கேட்பாள் என்றும், நானும் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று குரலை உயர்த்தினேன், வகுப்பில் உயர்த்துவதுபோல.

“உண்மைய சொல்லி என்னாங்க ஆச்சி?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பஸ்ஸு இல்லீங்க, சைக்கிள்தான், பொழுதோட போவணும் என்று கிளம்பினார். போகும்போது, இந்த விஷயத்தை எங்கேயும் எழுத வேண்டாம், எழுதினால் என் பேரைப் போடாதீர்கள் என்றார். பேரைப் போடவில்லை. அந்தப் பெண் இதைப் படிக்கமாட்டாள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். படித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அடுத்த சனிக்கிழமை வந்தாள். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகவே உட்கார்ந்தாள், முகம் தெளிந்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “அவரு மனசு நோவக் கூடாதுன்னுதான் மிஸ் நீங்களும் அப்பிடி சொன்னீங்க?” என்று கேட்டாள்.

சோதனை தோற்றாலும் கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். விடை தெரிந்துகொண்டு அளவீட்டை மாற்றி எழுதியவர்களை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

“ஆமாம்மா” என்றேன்.

அவளுக்கு என்மேல் கோபமே வரவில்லை. பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டாள். நல்லது செய்யத்தானே மிஸ் சொன்னீங்க என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அங்கேயே உட்கார்ந்தபடி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, மிஸ்ஸும் சொல்லிட்டாங்க. வுடுப்பா, முடிஞ்சிது. தெரியாதத இனிமே பேசாத, சரியா? சாப்ட்டியா நீ?”

அந்தப் பக்கம் அவர் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்தாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டாராம் மிஸ். மன்னிப்பு கேக்கச் சொல்றாரு.”

பரவாயில்லை என்று சொல்லம்மா என்றேன்.